நூற்றுப் பன்னிரண்டு சோற்றுப் பார்சல்

ஒஸ்லோத் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் கோப்பி குடிக்கும் மண்டபத்தில், என்னை யார் யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். 'மாஸ்டர்' என்று ஒன்பது பேர். 'ஐயா' என்று பதினொரு பேர். 'அங்கிள்' என்று மூன்று பேர்; அதில் இரண்டு பேர் தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர்கள். 'அப்பப்பா' என்று ஒரு சின்னப் பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிப்பிடித்தது. முகத்தை நிமிர்ந்து பார்த்ததும் ஆள் மாறிப்போனது தெரிந்து ஓடிவிட்டது. அதையும் கணக்கில் சேர்த்தேன். 'தம்பி' என்று ஒருவரும் கூப்பிடவில்லை. எழுபத்தெட்டு வயதுக்காரனைத் தம்பி என்று கூப்பிடுவதற்கு அவனிலும் மூத்த ஒருவர் உயிரோடு இருக்கவேண்டும். எனக்கு அப்படி மிச்சம் இருப்பது அக்கா மட்டும். அவர் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருக்கிறார். வயது எண்பத்தைந்து.

மனைவி இறந்த பிறகு இந்த ஹவுகெட்டோ வீட்டில் வேறு ஆள் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. ஞாயிறு பின்னேரம் அக்காவுக்குத் தொலைபேசி எடுப்பேன். அங்கே அப்போது காலை. அந்த ஒரு அழைப்பில்தான் என்னுடைய கிழமையின் ஏழு நாளும் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு அக்காவுக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. காதுக்குள் வைக்கும் கருவி இரண்டு தரம் மாற்றியும் தொலைபேசிக் குரல் மட்டும் பிடிபடவில்லை.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான் அக்கா."

"ஆரெண்டு விளங்கேல்லை. மகன் வெளியால போயிட்டார். பிறகு எடுங்கோ."

'எடுங்கோ' என்றார். என்னைப் பிறந்த நாளிலிருந்து 'நீ' என்று கூப்பிட்ட வாய். யாரோ ஒரு மரியாதைக்குரிய பிற மனிதன் என்று நினைத்துத் தொலைபேசியை வைத்தார். நான் கொஞ்ச நேரம் அதைக் காதில் வைத்தபடியே குசினி யன்னலால் எதிர்க் கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் முப்பத்தாறு யன்னல். பத்தொன்பதில் வெளிச்சம் இருந்தது.

அன்று மாலை மருமகன், அதாவது அக்காவின் மகன், திருப்பி எடுத்தான்.

"மாமா, அவவுக்கு ஃபோனில ஒண்டும் விளங்குதில்லை. ஆனா பக்கத்தில இருந்து வலக் காதுக்குள்ள ஆறுதலாக் கதைச்சா விளங்குது. ஒருக்கா வந்திட்டுப் போங்கோவன்."

"டொக்டர் என்ன சொல்லுறார்?"

"வாறதெண்டா இந்த வருஷம் வாங்கோ," என்றான். அது எனக்குப் போதும்.

நோர்வேக் கடவுச்சீட்டு உள்ளவர் அமெரிக்காவுக்குச் சுற்றிப்பார்க்கப் போக விசா தேவையில்லை. இணையத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லி ஓர் அனுமதி எடுத்தால் சரி. அதற்கு உதவி செய்யக் கோயில் நண்பர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். மன்னார்க்காரர், ஒஸ்லோவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், லோறென்ஸ்கூக்கில் வீடு. என்னிலும் பத்து வயது இளையவர். குசினி மேசையில் இருந்து, பஸ்ஸில் தரிப்பிடம் சொல்வதுபோல ஒவ்வொரு கேள்வியாகச் சொல்லிச் சொல்லி 'இல்லை', 'இல்லை' என்று அழுத்திக்கொண்டு போனார். தொற்றுநோய், இல்லை. போதைப்பொருள், இல்லை. பயங்கரவாதத்தில் எப்போதாவது ஈடுபட்டதுண்டா என்ற இடத்தில் நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"பொறும். உதவி செய்ததும் அதுக்குள்ள வரும்."

"நீங்கள் என்ன உதவி செய்தனீங்கள்?"

"சோத்துப் பார்சல்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மாஸ்டர், உங்களுக்கு என்ன விசரே? யாழ்ப்பாணத்தில இயக்கத்துக்குச் சோறு குடுக்காத வீடு எது? அப்பிடிப் பாத்தா ஊர் முழுக்கப் பிடிச்சு அடைக்கவேணும்."

"நான் வாசிச்சனான். துவக்கும் காசும் மட்டுமில்லை. ஒரு நேரச் சாப்பாடு குடுத்தாலும் அவையின்ரை சட்டத்தில அது உதவிதான்."

"வாசிக்கிறதாலதான் உங்களுக்கு இந்த வருத்தம்."

"எப்பவாவது எண்டு கேக்கினம். எப்பவாவது எண்டால் பூச்சியத்துக்கு மேல."

"இஞ்சை கணக்குப் பாடமே நடக்குது? நான் 'இல்லை'யை அமத்திறன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ."

"என்ரை கடவுச்சீட்டு. நான்தான் அமத்தவேணும்."

'ஓம்' என்பதை நானே அழுத்தினேன். அவர் கணினியை மூடிவிட்டு, "ஒரு தேத்தண்ணி போடுங்கோ மாஸ்டர், சீனி ரெண்டு கரண்டி," என்றார்.

அந்தப் பார்சல்களைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்பதுகளின் நடுவில், யாழ்ப்பாணத்தில் இராணுவம் முகாம்களுக்குள் அடைபட்டுக் கிடந்த காலம் அது. முகாம்களைச் சுற்றி இயக்கப் பெடியள் இரவு பகலாகக் காவல் நின்றார்கள். அவர்களுக்கு ஊர் சாப்பாடு கொடுத்தது. வீட்டுக்கு வீடு முறை வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டு முறை வியாழக்கிழமை, நான்கு பார்சல். நான் அப்போது கணித ஆசிரியர். பள்ளிக்கூடம் கிட்ட என்பதால் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அத்தான் கொழும்பில் வேலை. அக்கா சமைப்பார். நான் கட்டுவேன். வாட்டிய வாழையிலைத் துண்டு ஒன்று, அதற்கு மேல் பத்திரிகைத் தாள் ஒன்று, சணல் நூல் இரண்டு சுற்று. குழம்பு ஒழுகாமல் மூலையை எப்படி மடிக்கவேண்டும் என்பதில் எனக்கு ஒரு முறை இருந்தது. ஒரு பெடியன் சைக்கிளில் வந்து உரப்பையில் போட்டுக்கொண்டு போவான். நான் மீன் தொழிற்சாலை வேலைக்காக நோர்வேயின் வடக்கு முனையில் உள்ள பாட்ஸ்பியோர்ட்டுக்குப் புறப்படும்வரை எங்கள் முறை இருபத்தெட்டுத் தரம் வந்தது. ஆக நூற்றுப் பன்னிரண்டு.

அதில் இருபத்துநான்கு மரக்கறி. தவக்காலம் ஆறு கிழமையும் அக்கா வீட்டுக்குள் மீன், இறைச்சி எதையும் விடமாட்டார். சைக்கிள் பெடியன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அக்கா, பெடியள் ஒரு முட்டையாவது வைக்கச் சொல்லிக் கேட்டவங்கள்."

"ஆண்டவர் பாடுபட்ட காலத்தில முட்டையோ? உங்கடை ஆக்களில பாதிப் பேர் வேதக்காரர்தானே. பேசாமல் கத்தரிக்காயைச் சாப்பிடச் சொல்லு."

இதெல்லாம் நடந்தபோது அந்தப் பெடியளை அமெரிக்கா ஒரு பட்டியலிலும் போட்டிருக்கவில்லை. பட்டியல் பத்து வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் வந்தது. அதற்குள் நான் வடக்கில் கோடிக்கணக்கான மீன் துண்டுகள் கடந்துபோவதைப் பார்த்துவிட்டு ஒஸ்லோவுக்கு வந்து, ஒரு மருத்துவமனைக் களஞ்சியத்தில் படுக்கை விரிப்புகளை எண்ணும் வேலையில் இருந்தேன். நோர்வே எங்கள் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்து சமாதானம் பேசப் போனது. அமெரிக்கா பட்டியலை வைத்திருந்தது. ஒரே இயக்கம், ஒரு நாட்டுக்குப் பேச்சுமேசையில் எதிரே இருப்பவர், மற்ற நாட்டுக்குப் பயங்கரவாதி. இடையில் இருக்கிற எங்களைப்போன்றவர்கள் எந்த நாட்டின் கணக்கில் வருகிறோம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. எனக்கு அமெரிக்காவில் ஒரு வேலையும் இருக்கவில்லை.

நியூயோர்க்கில் அந்த இரண்டு கோபுரங்களும் விழுந்த அன்று களஞ்சியத்து வானொலியில்தான் கேட்டேன். அக்கா அங்கே போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருடைய ஊர் அங்கிருந்து காரில் அரை நாள் தூரம் என்று தெரிந்தும் மனம் கேட்கவில்லை. தொடர்பு கிடைத்தபோது அங்கே மறுநாள் விடிந்துவிட்டது.

"தம்பி, ஒண்டுமில்லை, நாங்கள் சுகமாயிருக்கிறம். இஞ்சை எல்லாரும் வாசலில கொடி கட்டுறாங்கள். நானும் ஒண்டு வாங்கிவரச் சொல்லிக் கட்டியிருக்கிறன். பாவமடா, எத்தினை தாய்மார்."

அக்கா அந்தக் கொடியை மனதாரத்தான் கட்டினார். பார்சலுக்குச் சமைத்ததும் மனதார. இரண்டுக்கும் நடுவில் ஒரு முரண் இருப்பதாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்கும் அன்று தோன்றவில்லை.

இலங்கையில் போரின் கடைசி மாதங்களில், ஒஸ்லோவில் அரண்மனைத் தோட்டத்துக்கு எதிரே அப்போது இருந்த அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் நாங்களும் போய் நின்றோம். எங்கள் ஆட்களைக் காப்பாற்று என்று அமெரிக்காவிடம் கேட்டு நின்றோம். கப்பல் வரும் என்றுகூடக் கதை இருந்தது. நான் நின்றவர்களை எண்ணினேன். ஒலிபெருக்கியில் சொன்ன எண்ணிக்கையில் பாதிகூட வரவில்லை. அதைச் சொன்னதற்காக இரண்டு பேர் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார்கள். கப்பலும் வரவில்லை.

'ஓம்' என்று நான் பதில் சொன்ன அந்த இணைய அனுமதி உடனேயே மறுக்கப்பட்டது. தூதரகத்துக்கு நேரில் போய் விசா கேட்கலாம் என்று இருந்தது. தூதரகம் இப்போது நகரத்தின் மேற்குப் பக்கம் மாறிவிட்டது. குளிர் விடாத காலை. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற பெண் கோயம்புத்தூர்க்காரி. இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. நான் செபமாலையைச் சட்டைப்பையில் உருட்டிக்கொண்டு முணுமுணுத்ததைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"தமிழா அங்கிள்? சிலோனா?"

"யாழ்ப்பாணம். ஆனா கடவுச்சீட்டு நோர்வே."

"அப்ப உங்களுக்கு விசாவே வேண்டாமே! எங்களுக்குத்தான் இந்தத் தலைவலி. நான் ஒரு மாநாட்டுக்குப் போறேன், மூணு நாள். எவ்ளோ டாக்குமெண்ட் பாருங்க."

"நான் அக்காவைப் பாக்கப் போறன்."

"அக்காவா? சோ ஸ்வீட் அங்கிள்!"

அவர் எனக்கு முன் உள்ளே போய் எனக்கு முன் வெளியே வந்தார். கிடைத்துவிட்டதென்று கட்டைவிரலைக் காட்டி, "ஆல் த பெஸ்ட் அங்கிள்," என்றுவிட்டுப் போனார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். மிகவும் மரியாதையானவர். கோபப்படக் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் கேட்டார், ஆங்கிலத்தில் சொன்னேன்.

என்ன உதவி என்று கேட்டார். சாப்பாடு என்றேன். எத்தனை தரம் என்றார். இருபத்தெட்டுத் தரம், நூற்றுப் பன்னிரண்டு பார்சல் என்றேன். தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதில் அவருக்கு முன்பு கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

"உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா? ஆயுதத்தைக் காட்டினார்களா?"

அவர் கேட்ட விதம் எனக்குப் புரிந்தது. ஒரு கதவைக் கொஞ்சம் திறந்து பிடிப்பதுபோலக் கேட்டார். நான் யோசித்தேன். முறை என்று ஒன்று இருந்தது உண்மை. முறை வந்த வீடு கொடுக்காமல் விட்டால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் விட்ட வீட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் வாசலுக்கு வந்தது ஒரு சைக்கிளும் ஒரு உரப்பையும்தான்.

"இல்லை. அவர்களுக்குப் பசி," என்றேன்.

அவர் அதையும் தட்டினார். பிறகு, "உணவைச் சமைத்தது யார்?" என்றார்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பார்சலை எண்ணியிருந்தேன், இலையை எண்ணியிருந்தேன், நூல் எத்தனை சுற்று என்பதுகூடத் தெரியும். அந்தக் கட்டிடத்தில் இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்பதை யோசிக்காமல் வந்திருந்தேன். அக்கா அமெரிக்கக் குடியுரிமை எடுத்தவர். கையை உயர்த்திச் சத்தியம் செய்தவர். அவருக்காக மருமகன் நிரப்பிய படிவங்களிலும் இதே கேள்வி இருந்திருக்கும். அவன் எதில் அடையாளம் இட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். என்னுடைய விசாப் படிவத்தில் அக்காவின் பெயர், நான் போய்ப் பார்க்க விரும்பும் ஆளாக, ஏற்கனவே அந்தப் பெண்ணுக்கு முன்னால் இருந்தது.

"நான்தான்," என்றேன்.

"நூற்றுப் பன்னிரண்டையுமா?"

"ஓம்," என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

என்ன சமைப்பீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். மனைவி போன பிறகு நான் சமைப்பது முட்டையும் பருப்பும்தான். பருப்பும் பாதி நாள் அடிப்பிடித்துவிடும். மேலதிகமாக ஆராயவேண்டியிருக்கிறது, அறிவிப்போம் என்று சொல்லிக் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தார். "உங்கள் சகோதரி நலமாக இருக்கட்டும்," என்றும் சொன்னார். உண்மையாகவே சொன்னார்.

வெளியே காரோடு காத்திருந்த நண்பருக்கு எல்லாவற்றையும் சொன்னேன், சமைத்தது யார் என்ற கேள்வியைத் தவிர. அவர் சாவியைப் போட்டும் காரை எடுக்கவில்லை.

"கட்டாயப்படுத்தினவங்களோ எண்டு அவ உங்களுக்கு வாயில ஊட்டி விட்டிருக்கிறா, மாஸ்டர்! 'ஓம் பிள்ளை, துவக்கை நெத்தியில வைச்சுத்தான் சோறு கேட்டவங்கள்' எண்டு சொல்லியிருந்தா இப்ப நீங்கள் பெட்டி அடுக்கலாம்."

"அவங்கள் துவக்கை வைக்கேல்லை."

"எப்பவோ செத்துப்போன பெடியள் இனி வந்து உங்களோடை சண்டை பிடிக்கப்போறாங்களே?"

ஹவுகெட்டோ வரும்வரை அவர் ஒலிவாங்கி இல்லாமலே ஒவ்வொரு பஸ் தரிப்பிடத்தின் பெயரையும் கோபத்தோடு சொல்லிக்கொண்டு வந்தார். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

கோடை போனது. செய்தி பார்ப்பது எனக்கு வேலையாகிவிட்டது. ஒரு செய்தியறிக்கையில் அமெரிக்கப் பேச்சாளர் 'பயங்கரவாதி' என்ற சொல்லை எத்தனை தரம் சொல்கிறார் என்று எண்ணுவேன். எந்த நாட்டில் குண்டு விழுந்தது, எந்த இயக்கம் பட்டியலுக்குள் போனது, எது வெளியே வந்தது என்று கவனிப்பேன். ஒரு காலம் பட்டியலில் இருந்தவர்கள் பிறகு கோட் போட்டுப் பெரிய மண்டபங்களில் கைகுலுக்கும் படங்களும் வரும். எனக்கு அதில் பொறாமை என்று சொன்னால் சிரிப்பார்கள். கைகுலுக்க நான் கேட்கவில்லை. ஒரு கிழவியின் வலக் காதுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போதும்.

இலை உதிரும் காலத்தில் மின்னஞ்சல் வந்தது. விசா இல்லை. காரணம் என்று ஒரு சட்டப் பிரிவின் இலக்கம். நண்பர் கேட்டதற்கு, "வரேல்லை," என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு நாளும் செய்யாதபடி என் தோளில் கையை வைத்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எடுக்கவும் சொல்லவில்லை.

மருமகனுக்குக் காரணத்தோடு சொன்னேன். அடுத்த ஞாயிறு, தன் பிள்ளைகள் படித்த காலத்து வெள்ளைப் பலகை ஒன்றைத் தேடி எடுத்துவந்து, கைப்பேசிக் காணொளி அழைப்பில் அக்காவை என் முன்னால் இருத்தினான். நான் சொல்வதை அவன் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுவான். அக்கா வாசித்துவிட்டு வாயால் பதில் சொல்வார். காது போனாலும் குரல் போகவில்லை.

"தம்பி! எப்பிடி மெலிஞ்சு போனாய்? ஆர் உனக்குச் சமைக்கிறது? எப்ப வாறாய்?"

மருமகன் பேனாவோடு என்னைப் பார்த்தான். "மாமா, சோத்துப் பார்சல் விஷயம்தான் காரணம் எண்டு எழுதட்டே?"

"எழுதாதை. தன்ரை சோறுதான் என்னை மறிச்சது எண்டு அவவுக்குத் தெரியக்கூடாது. எனக்குப் பிளேனுக்குப் பயம் எண்டு எழுது."

அவன் எழுதினான். அக்கா பலகையை மூக்குக்குக் கிட்டப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

"பிளேனுக்குப் பயமோ? அப்ப நோர்வேக்கு என்னெண்டு போனனீ தம்பி, நீந்தியோ? பயந்தாங்கொள்ளி. சின்னனில கிணத்தை எட்டிப் பாக்கவும் பயம் உனக்கு. அக்கா செத்தாப் பிறகு வந்து ஆரைப் பாக்கப்போறாய்? சொல்லு தம்பி!"

சிரிப்பாகத் தொடங்கியது கடைசியில் ஏச்சாக முடிந்தது. ஏச்சு முழுவதையும் நான் வாங்கினேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்த வாயில் 'நீ' வந்தது, 'தம்பி' வந்தது. எண்ணத் தொடங்கி மூன்றில் விட்டுவிட்டேன்.

"ஆர் சமைக்கிறது எண்டு கேட்டனான், பதிலைக் காணேல்லை."

"நானே சமைக்கிறன் எண்டு எழுது," என்றேன்.

"நீயோ?" அக்கா கையை விசிறினார். "உனக்கு அரிசி கழுவவும் தெரியாது. உனக்குத் தெரிஞ்சது பார்சல் கட்டத்தான். பெடியளுக்கு நாங்கள் குடுத்த பார்சல், நினைப்பிருக்கே? ஒண்டுகூட ஒழுகினதில்லை எண்டு அந்தச் சைக்கிள் பெடியன் வந்து சொன்னவன். நல்லாக் கட்டினாய் தம்பி. நல்ல வேலை செய்தனாங்கள் அப்ப."

மருமகன் பலகையைத் துடைத்துவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தான். அவனுடைய முகத்தில் கேள்வி இருந்தது.

"என்ன எழுத மாமா?"

"ஓம் எண்டு எழுது," என்றேன்.